குறைமாதக் குழந்தைகளின் செப்சிஸைக் கண்டறிவதில் நோயெதிர்ப்புக் குறிப்பான்கள்: அளவுகோல் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் செப்சிஸ் என்னும் கடுந்தொற்று நிலையை விரைந்து கண்டறிய, சி-ரியாக்டிவ் புரதம், புரோகால்சிட்டோனின், இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, நியூட்ரோஃபில் சிடி64, பிரெசெப்சின் முதலிய நோயெதிர்ப்புக் குறிப்பான்கள் பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு குறிப்பானுக்கும் உயர்ந்த உணர்திறனும் குறித்திறனும் அறிக்கையிடப்பட்ட பின்னரும், மருந்தைத் தொடங்குவதா வேண்டாவா என்பதைத் தனித்து முடிவுசெய்யும் தகுதியை எந்தக் குறிப்பானும் பெறவில்லை. இந்த இடைவெளிக்குக் குறிப்பான்களின் குறைபாட்டைக் காட்டிலும், அவற்றை மதிப்பிடப் பயன்படும் அளவுகோலின் குறைபாடே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. வரையறை, ஒப்பீட்டுச் சோதனை, ஒப்பீட்டுக் குழு, வெட்டுப்புள்ளி ஆகிய நான்கு நிலைகளில் அக்குறைபாடு ஆராயப்படுகிறது. ‘செப்சிஸ் உண்டா?’ என்னும் கேள்வியினும் ‘மருந்தை நிறுத்தலாமா?’ என்னும் கேள்விக்கே இக்குறிப்பான்கள் பயனுள்ள விடை தருகின்றன என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: குறைமாதக் குழந்தை, செப்சிஸ், நோயெதிர்ப்புக் குறிப்பான், இரத்த வளர்ப்புச் சோதனை, உணர்திறன், முன்கணிப்பு மதிப்பு.

முன்னுரை

கருக்காலம் 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படுகிறது. உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃபும் இணைந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. பத்துப் பிறப்புகளுக்கு ஏறத்தாழ ஒன்று என்னும் இவ்விகிதத்தில், எண்ணிக்கை அளவில் இந்தியாவே முதலிடம் வகிக்கிறது. இக்குழந்தைகளின் உயிருக்கு ஊறுவிளைக்கும் காரணங்களுள் செப்சிஸ் முன்வரிசையில் நிற்பது.

குறைமாதக் குழந்தையிடம் செப்சிஸின் அறிகுறிகள் தெளிவற்றவை. மூச்சு இடையிடையே நிற்றல், இதயத்துடிப்பு தளர்தல், பால் செரிக்காமை, உடல்வெப்பம் ஏறுதல் அல்லது இறங்குதல், தோல் வெளிறுதல் ஆகியவை தொற்றினாலும் தோன்றும். நுரையீரல் முதிராமையாலும் இரத்தச்சோகையாலும் தோன்றும். காரணமின்றியும் தோன்றி மறையும். ஐயுற்ற மருத்துவர் காத்திருந்தால் சில மணி நேரத்தில் குழந்தை இறக்கக்கூடும். காத்திராமல் மருந்து கொடுத்தால், தொற்றில்லாப் பல குழந்தைகள் நுண்ணுயிர் எதிர்ப்பிகளைப் பெற நேரும். அமெரிக்கப் பச்சிளம் குழந்தை ஆய்வு வலையமைப்பின் தரவுகளைக் கொண்டு காட்டன் குழுவினர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டாம் பிழையின் விலையைச் சுட்டியது. 1,000 கிராமுக்கும் குறைந்த எடையுடைய, இரத்தத்தில் கிருமி காணப்படாத குழந்தைகளுக்கு முதல்நிலை மருந்து ஐந்து நாள்களோ அதற்கு மேலோ நீண்டபோது, குடல் திசு அழுகலோ இறப்போ நேரும் வாய்ப்பு கூடியிருந்ததை அது காட்டியது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே. காரணத்தை உறுதிசெய்வது அன்று. ஆயினும், ‘ஐயம் தோன்றினால் மருந்தைத் தொடர்வது தீங்கற்றது’ என்னும் நீண்டநாள் நம்பிக்கையை அது அசைத்தது.

இவ்விரு பிழைகளுக்கும் இடையில் வழிகாட்டவே நோயெதிர்ப்புக் குறிப்பான்கள் தேடப்பட்டன. அத்தேடலின் முறையியலை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

வரையறையில் விடுபட்டோர்

ஒரு நோயைக் கண்டறியும் சோதனையை மதிப்பிட, அந்நோய் எது என்பது முதலில் தெளிவாக இருத்தல் வேண்டும். செப்சிஸ் என்னும் கிரேக்கச் சொல் அழுகுதலைக் குறித்தது. தமிழில் அதனை விளக்க வழங்கும் ‘இரத்தத்தில் நச்சு கலத்தல்’ என்னும் தொடரும், புறத்திருந்து ஒன்று புகுந்து குருதியைக் கெடுக்கிறது என்னும் பழங்கருத்தையே சுமந்து நிற்கிறது. 2016ஆம் ஆண்டில் வெளியான ‘செப்சிஸ்-3’ வரையறை இக்கருத்தை மாற்றியது. தொற்றுக்கு உடல் ஆற்றும் எதிர்வினை நெறிதவறி, அதனால் உறுப்புகள் உயிருக்கு ஆபத்தான அளவில் செயலிழப்பதே செப்சிஸ் என அது கூறியது. கிருமியிலிருந்து உடலின் எதிர்வினைக்குக் கவனம் நகர்ந்ததால், நோயெதிர்ப்புக் குறிப்பான்களின் முதன்மையும் உயர்ந்தது.

ஆனால் அவ்வரையறை வயதுவந்தோருக்கானது. குழந்தைகளுக்கென 2005ஆம் ஆண்டில் உருவான பன்னாட்டு ஒருமித்த வரையறை குறைமாதக் குழந்தைகளை விலக்கியது. 2024ஆம் ஆண்டில் வெளியான ‘ஃபீனிக்ஸ்’ அளவைகளும், கருக்காலத்தையும் பிறந்த பின்னான காலத்தையும் கூட்டினால் 37 வாரத்துக்குக் குறைவாக உள்ள குழந்தைகளையும், பிறந்த மருத்துவமனையைவிட்டு இன்னும் வெளியேறாத குழந்தைகளையும் தம் எல்லைக்குள் கொள்ளவில்லை. செப்சிஸால் மிகுதியாகத் தாக்கப்படும் ஒரு பிரிவினர், செப்சிஸை வரையறுத்த இரண்டு பெருமுயற்சிகளிலும் இடம்பெறவில்லை. உறுப்புச் செயலிழப்பை அளக்கக் குறைமாதக் குழந்தைகளுக்கென ஒரு மதிப்பெண் முறை 2020ஆம் ஆண்டையொட்டி உருவாக்கப்பட்டது. அது இறப்பு வாய்ப்பைக் கணிக்க உதவுகிறதேயன்றி, நோயின் ஒருமித்த வரையறையாக நிலைபெறவில்லை.

இதன் விளைவு தெளிவானது. ஓர் ஆய்வில் செப்சிஸ் என்பது இரத்தத்தில் கிருமி வளர்ந்த நிலை. பிறிதொன்றில் அது அறிகுறிகளும் ஆய்வக மாற்றங்களும் சேர்ந்த நிலை. மற்றொன்றில் மருத்துவர் ஐந்து நாள்களுக்கு மருந்து கொடுக்க முடிவுசெய்த நிலை. மூன்றும் ஒரே பெயரைத் தாங்கி ஒரே தொகுப்பாய்வில் சேரும்போது, கிடைக்கும் சராசரி எண் எதன் சராசரி என்னும் வினா எழுகிறது.

அளவுகோலின் கோணல்

வரையறை உறுதிப்படாத நிலையில், பெரும்பாலான ஆய்வுகள் கல்ச்சர் என வழங்கும் இரத்த வளர்ப்புச் சோதனையைப் பொன்தர அளவுகோலாகக் கொள்கின்றன. குருதியை ஊட்ட ஊடகத்தில் இட்டு, கிருமி வளர்கிறதா எனப் பார்ப்பது இச்சோதனை. வளர்ந்த கிருமி எது, அது எம்மருந்துக்கு அடங்கும் என்பவற்றை இது அறிவிக்கிறது. இந்தத் தகவலை வேறெந்தக் குறிப்பானும் தருவதில்லை.

எனினும் குறைமாதக் குழந்தையிடம் இச்சோதனைக்குத் தனி இடர்கள் உள்ளன. கிருமி குறைந்த எண்ணிக்கையில் இருக்கும்போது அதனைப் பிடிக்கக் குறைந்தது 1 மில்லிலிட்டர் குருதி தேவை எனப் பரிந்துரைக்கப்படுகிறது. 1 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள மொத்தக் குருதி ஏறத்தாழ 85 முதல் 90 மில்லிலிட்டர். ஒரு சோதனைக்கே அதில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் செலவாகிறது. ஆகவே நடைமுறையில் அரை மில்லிலிட்டரோ அதனினும் குறைவாகவோ எடுக்கப்படுவது உண்டு. மகப்பேற்றின்போது தாய்க்கு அளிக்கப்பட்ட மருந்தும் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கலாம். மறுபுறம், தோலில் இயல்பாக வாழும் கிருமி குப்பியில் புகுந்து பொய்யான முடிவைத் தரவும் கூடும்.

கல்ச்சரில் கிருமி இல்லையென்றால் தொற்றும் இல்லை எனக் கொண்டால், தவறவிடப்பட்ட உண்மை நோயாளிகள் ‘நலமானவர்’ பட்டியலில் சேர்கின்றனர். குறிப்பான் அவர்களிடம் சரியாகவே உயர்ந்திருந்தாலும், அது பொய்யெச்சரிக்கையாகக் கணக்கிடப்படுகிறது. இக்குறையை நீக்க, பல ஆய்வுகள் ‘மருத்துவத் தீர்ப்பின்வழிச் செப்சிஸ்’ என்னும் வகையைச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே எதிர்ப்புறமான பிழை நுழைகிறது. அத்தீர்ப்பை எட்ட மருத்துவர் பயன்படுத்திய சான்றுகளுள் சி-ரியாக்டிவ் புரதத்தின் அளவும் ஒன்று. அப்புரதம் உயர்ந்திருந்ததால் செப்சிஸ் என முடிவுசெய்யப்பட்ட குழந்தைகளைக் கொண்டே, அப்புரதம் செப்சிஸை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என மதிப்பிடப்படுகிறது. தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்துவதற்கு இது ஒப்பாகும். முறையியலார் இதனை உள்ளடக்கச் சார்பு என்பர். புதிய குறிப்பான் ஒன்றைச் சோதிக்கும்போதும் இச்சார்பு மறைமுகமாகத் தொடர்கிறது. சி-ரியாக்டிவ் புரதத்தோடு ஒத்து உயரும் எந்தப் பொருளும் இந்த அளவுகோலில் நல்ல குறிப்பானாகத் தோன்றும்.

குறிப்பான்களின் காலக்கணக்கு

குறிப்பான்கள் ஒவ்வொன்றும் தொற்று தொடங்கியதிலிருந்து வெவ்வேறு நேரத்தில் பேசுகின்றன. இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 ஆகிய சைட்டோகைன்கள் ஓரிரு மணி நேரத்தில் உயர்கின்றன. அவற்றின் ஆயுள் குறுகியது. மருந்து தொடங்கிய ஒரு நாளைக்குள் அளவு இயல்புக்குத் திரும்பிவிடலாம். இன்டர்லூகின்-6இன் தூண்டுதலால் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தை உருவாக்குகிறது. குருதியில் அப்புரதம் தெளிவாக உயர 10 முதல் 12 மணி நேரம் ஆகிறது. உச்சத்தை எட்ட 36 முதல் 48 மணி நேரம் ஆகிறது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 19 மணி நேரம். புரோகால்சிட்டோனின் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. சில மணி நேரத்தில் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாள் அரை ஆயுளுடன் நிலைக்கிறது. நியூட்ரோஃபில் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் தோன்றும் சிடி64 என்னும் ஏற்பி ஓய்வு நிலையில் மிகக் குறைவாகவும், கிருமி நுழைந்த சில மணி நேரத்தில் மிகுந்தும் காணப்படுகிறது. மிகச் சிறிய அளவு குருதியே இதற்குப் போதும் என்பது குறைமாதக் குழந்தைக்குப் பெரும் நன்மை. ஆனால் செல்களைப் பகுத்தெண்ணும் விலைமிகுந்த கருவியும் பயிற்சி பெற்றவரும் தேவை.

ஐயம் தோன்றிய முதல் மணியில் எடுத்த ஒற்றைச் சி-ரியாக்டிவ் புரத அளவு தாழ்ந்திருப்பது எதையும் மறுக்காது என்பதும், மருந்து தொடங்கிய மறுநாள் அளந்த இன்டர்லூகின்-6 தாழ்ந்திருப்பது எதையும் உறுதிசெய்யாது என்பதும் இதிலிருந்து பெறப்படும். இருந்தும் தொற்று தொடங்கிய நேரம் எவருக்கும் தெரியாது. அறிகுறி தோன்றிய நேரமே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. குழந்தைக்குக் குழந்தை அவ்விரண்டின் இடைவெளி வேறுபடுவதால், ஆய்வு அட்டவணையில் ‘0 மணி’ எனக் குறிக்கப்படுவது உண்மையில் ஒரே மணி அன்று.

குறைமாதக் குழந்தையின் நோயெதிர்ப்பு முதிர்ச்சி இரண்டாவது சிக்கல். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வரும் காப்புப் புரதங்களில் பெரும்பகுதி கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களிலேயே குழந்தையைச் சேர்கிறது. 26ஆம் வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது வாய்ப்பதில்லை. வெள்ளணுச் சேமிப்பு சிறியது. கல்லீரலின் எதிர்வினையும் குறைவு. ரோம் நகரைச் சேர்ந்த கியேசா குழுவினர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நலமாக உள்ள குழந்தைகளிலேயே இவ்வேறுபாட்டை அளந்து காட்டியது. பிறந்த முதல் நாள்களில் குறைமாதக் குழந்தைகளின் சி-ரியாக்டிவ் புரதம் நிறைமாதக் குழந்தைகளின் அளவினும் தாழ்ந்தும் குறுகிய காலமும் உயர்கிறது. புரோகால்சிட்டோனின் முந்தியும் மிகுந்தும் நெடுநேரமும் உயர்கிறது. தொற்றே இல்லாத நிலையில் இவை நிகழ்கின்றன. ஆகவே லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்னும் ஒரே கோட்டை எல்லாக் கருக்கால வாரங்களுக்கும் எல்லா மணிகளுக்கும் வரைவது, ஒருவகைக் குழந்தைகளிடம் நோயைத் தவறவிடவும் மற்றொரு வகையினரிடம் இல்லாத நோயைக் காணவும் இடமளிக்கிறது.

இதனோடு பிறப்பின் சூழலும் சேர்கிறது. குறைமாதப் பிறப்புக்குக் கருப்பையுறை அழற்சியே பலமுறை காரணமாக அமைகிறது. அந்நிலையில் கருவின் உடலும் அழற்சியால் எதிர்வினையாற்றுவதால், பிறக்கும்போதே இன்டர்லூகின்-6 உயர்ந்திருக்கும். குழந்தையின் இரத்தத்தில் கிருமி இருந்தாக வேண்டும் என்பதில்லை. குறிப்பான் காட்டுவது அழற்சியை. மருத்துவர் அறிய விரும்புவது தொற்றை. இரண்டும் ஒன்றாகக் கொள்ளப்படும் இடத்திலேயே பொய்யெச்சரிக்கைகள் பெருகுகின்றன.

ஒப்பீட்டுக் குழுவும் வெட்டுப்புள்ளியும்

ஒரு சோதனை எளிய எதிரிகளுடன் மோதினால் எளிதில் வெல்லும். கல்ச்சரில் கிருமி வளர்ந்த, கடும் நோயுற்ற குழந்தைகளை ஒருபுறமும், எவ்வறிகுறியும் இல்லாக் குழந்தைகளை மறுபுறமும் நிறுத்தினால், குறிப்பான்கள் பலவும் சிறப்பாகப் பிரித்துக் காட்டும். ஆனால் அறிகுறியற்ற குழந்தைக்கு மருத்துவர் இச்சோதனையைக் கேட்பதில்லை. மூச்சு நின்று, பால் செரிக்காமல், ஆனால் தொற்று இல்லாமல் இருக்கும் குழந்தையே உண்மையான ஒப்பீடு. 1978ஆம் ஆண்டிலேயே ரான்சோஹாஃப், ஃபைன்ஸ்டைன் ஆகிய இருவரும் சோதனை மதிப்பீட்டில் நோயாளர் தேர்வால் விளையும் இச்சார்பை விரிவாக எடுத்துரைத்தனர். அரை நூற்றாண்டு நெருங்கியும், பச்சிளம் குழந்தைக் குறிப்பான் ஆய்வுகளில் நலமான குழந்தைகளை ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்ளும் வழக்கம் நீங்கவில்லை.

வெட்டுப்புள்ளித் தேர்வு இச்சார்பை மேலும் வளர்க்கிறது. பல ஆய்வுகள் தம் தரவைத் திரட்டிய பின்னர், உணர்திறனும் குறித்திறனும் கூட்டாக மிகும் புள்ளியை அத்தரவிலேயே தேடி எடுத்து, அப்புள்ளியின் திறனை அதே தரவில் அளக்கின்றன. 50 அல்லது 60 குழந்தைகளைக் கொண்ட சிறிய ஆய்வில் இது தற்செயலைத் திறனாகக் காட்டும். ஒரே குறிப்பானுக்கு ஆய்வுதோறும் வேறு வெட்டுப்புள்ளி வெளிவருவதற்கு இது ஒரு காரணம். பிரெசெப்சினுக்கு 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தொகுப்பாய்வுகள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட உணர்திறனையும் குறித்திறனையும் அறிவித்தன. அவை தொகுத்த ஆய்வுகள் சிறியவை, வெட்டுப்புள்ளிகளும் ஒன்றல்ல. அவ்வெண்களை நம்பிக்கைக்குரிய தொடக்கமாகக் கொள்ளலாமேயன்றி, படுக்கையருகே பயன்படுத்தத்தக்க உறுதியாகக் கொள்ளவியலாது.

முறையியல் கட்டுப்பாடு கூடும்போது எண்கள் எவ்வாறு தாழ்கின்றன என்பதற்குச் சி-ரியாக்டிவ் புரதமே சான்று. பிறந்த சில நாள்களுக்குப் பின் தோன்றும் தொற்றைக் கண்டறிவதில் அதன் திறனைக் காக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டு மீளாய்வு மதிப்பிட்டது. 20 ஆய்வுகளையும் 1,615 குழந்தைகளையும் அது உள்ளடக்கியது. 74 விழுக்காட்டுக் குறித்திறனில் கிடைத்த உணர்திறன் 62 விழுக்காடு மட்டுமே. ஐயத்துக்குரிய 1,000 குழந்தைகளில் 400 பேருக்கு உண்மையில் தொற்று இருப்பதாகக் கொண்டால், அவர்களுள் 152 பேரை இச்சோதனை தவறவிடும். தொற்றில்லா 156 பேருக்குத் தொற்று உண்டென்று கூறும். தொடக்கநிலைக் கண்டறிதலுக்கு இத்திறன் போதாது என்பதே அம்மீளாய்வின் முடிவு. உலகெங்கும் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மிகப் பரவலாகக் கேட்கப்படும் குறிப்பானைப் பற்றிய முடிவு இது.

எண்கள் படுக்கையருகே வரும்போது

மேற்கண்ட சார்புகள் அனைத்தையும் தள்ளிவைத்து, 90 விழுக்காட்டு உணர்திறனும் 90 விழுக்காட்டுக் குறித்திறனும் உண்மையாகவே உடைய ஒரு குறிப்பான் கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாம். பிறந்த 72 மணி நேரத்துக்குள் தோன்றும் செப்சிஸ் மிகக் குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு இருவரைத் தாக்குவதாகவும் கொள்ளலாம். 1,000 குழந்தைகளைச் சோதித்தால், நோயுற்ற 20 பேரில் 18 பேரைக் குறிப்பான் பிடிக்கும். நோயற்ற 980 பேரில் 98 பேருக்கும் அது உயர்ந்திருக்கும். உயர்ந்த அளவு கிடைத்த 116 குழந்தைகளில் 18 பேருக்கே நோய். அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு.

தாழ்ந்த அளவு கிடைத்த 884 குழந்தைகளில் இருவருக்கு மட்டுமே நோய். எதிர்மறை முன்கணிப்பு மதிப்பு 99.8 விழுக்காடு என ஆய்வுரைகளில் பெருமையுடன் எழுதப்படுவது இதுதான். ஆனால் சோதனையே செய்யாமல் ‘எவருக்கும் நோயில்லை’ என ஒருவர் கூறினாலும், அக்கூற்று 98 விழுக்காடு சரியாகவே இருக்கும். நோய் அரிதாக உள்ள இடத்தில் உயர்ந்த எதிர்மறை மதிப்பு, குறிப்பானின் திறத்தைக் காட்டிலும் நோயின் அருமையையே பறைசாற்றுகிறது. தவறவிடப்பட்ட அந்த இருவர், நோயுற்றவருள் பத்தில் ஒரு பங்கினர் என்பது அவ்வெண்ணின் பின்னே மறைந்துவிடுகிறது.

இக்கணக்கின் மற்றொரு பக்கமும் கருதத்தக்கது. குழந்தை எச்சூழலில் பிறந்தது என்பதே நோய் வாய்ப்பைப் பெரிதும் மாற்றுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 35 வாரங்கள் நிறையாமல் பிறந்த குழந்தைகளை முதலில் பிறப்புச் சூழலின் அடிப்படையிலேயே பிரிக்கிறது. பிரசவ வலி தொடங்காமல், பனிக்குடம் உடையாமல், தாயின் இரத்த அழுத்தம் போன்ற காரணத்தால் அறுவை வழியாக எடுக்கப்பட்ட குழந்தைக்குத் தொடக்கநிலைச் செப்சிஸ் வாய்ப்பு மிகக் குறைவு. எந்தச் செலவுமின்றி, ஒரு துளிக் குருதியுமின்றிக் கிடைக்கும் இத்தகவலோடு ஒப்பிட்டு, குறிப்பான் கூடுதலாக எதைத் தருகிறது என்று கேட்கும் ஆய்வுகள் குறைவு. தனித்த திறனையே அளப்பவை மிகுதி.

கேள்வியை மாற்றிய ஆய்வுகள்

குறிப்பானின் எண் எவ்வளவு உயர்ந்தது என்பதினும், அதனைப் பயன்படுத்தியதால் குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்ட ஆய்வுகள் சிலவே. அவற்றுள் ஒன்று ஃபிரான்ஸ் குழுவினர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது. 1,291 குழந்தைகளைச் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவில் இன்டர்லூகின்-8ஐயும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் இணைத்துப் பயன்படுத்தினர். நுண்ணுயிர் எதிர்ப்பி பெற்றோர் 49.6 விழுக்காட்டிலிருந்து 36.1 விழுக்காடாகக் குறைந்தனர். தவறவிடப்பட்ட தொற்றுகளின் பங்கு கூடவில்லை. விரைந்து உயரும் குறிப்பானையும் மெல்ல உயரும் குறிப்பானையும் இணைத்ததால், முன்னர்க் கூறிய காலச்சிக்கல் ஓரளவு ஈடுசெய்யப்பட்டது.

2017ஆம் ஆண்டில் வெளியான ‘நியோபின்ஸ்’ ஆய்வு கேள்வியையே மாற்றியது. மருந்தைத் தொடங்குவது பற்றி அது கேட்கவில்லை. தொடங்கிய மருந்தை எப்போது நிறுத்துவது என்று கேட்டது. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் குடியரசு ஆகிய நான்கு நாடுகளின் 18 மருத்துவமனைகளில் 1,710 குழந்தைகள் பங்கேற்றன. புரோகால்சிட்டோனின் அளவைத் தொடர்ந்து பார்த்து மருந்தை நிறுத்திய குழுவில் சராசரி மருந்துக்காலம் 65.0 மணியிலிருந்து 55.1 மணியாகக் குறைந்தது. மீள்தொற்று இரு குழுக்களிலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, ஆய்வு தொடர்பான இறப்பு நேரவில்லை. மீள்தொற்று அவ்வளவு அரிதாக இருந்ததால், புதிய முறை பாதுகாப்பில் சற்றும் தாழ்ந்ததன்று எனப் புள்ளியியல் வழியில் முற்றாக நிறுவவும் இயலவில்லை. ஆய்வாளர்கள் இவ்வரம்பை வெளிப்படையாகக் குறித்துள்ளனர்.

இவ்வாய்வின் பெரிய வரம்பு வேறொன்று. அதில் சேர்க்கப்பட்டோர் 34 வாரமும் அதற்கு மேலும் கருக்காலம் உடைய குழந்தைகள். குறைமாதத்தின் விளிம்பில் நிற்போரே அதில் இடம்பெற்றனர். 28 வாரத்துக்கு முன் பிறந்து, மருந்தின் தீங்குக்கும் தொற்றின் தீங்குக்கும் ஒருசேர ஆட்படும் குழந்தைகள் அதில் இல்லை. வரையறைகளில் விடுபட்டவர்களே இங்கும் விடுபட்டனர். அவ்வாய்வின் முடிவைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் மிகச் சிறிய குழந்தைகளுக்கு அப்படியே நீட்டிப்பது சான்றின்றிச் செய்யப்படும் நீட்டிப்பாகும்.

நடைமுறை வழிகாட்டுதல்களும் மருந்தை நிறுத்தும் திசையிலேயே குறிப்பானைப் பயன்படுத்துகின்றன. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2012இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதல், மருந்து தொடங்கும்போதும், 18 முதல் 24 மணி நேரம் கழித்தும் சி-ரியாக்டிவ் புரதத்தை அளக்கச் சொல்கிறது. கல்ச்சரில் கிருமி வளராமலும், குழந்தையின் நிலை தேறியும், அப்புரதத்தின் போக்கு நம்பிக்கை தருவதாகவும் இருந்தால், 36 மணி நேரத்தில் மருந்தை நிறுத்தக் கருதலாம் என்கிறது. இங்கே ஒற்றை எண்ணைவிடப் போக்கு முதன்மை பெறுகிறது. குறிப்பான் தனித்துத் தீர்ப்பளிக்காமல் கல்ச்சருக்கும் மருத்துவரின் கண்காணிப்புக்கும் துணைநிற்கிறது. சி-ரியாக்டிவ் புரதத்தின் மெதுவான எழுச்சி தொடக்கத்தில் குறையாக இருந்தது. இரண்டாம் நாளில் அதுவே பயனாக மாறுகிறது.

இந்தியச் சூழலில் இதன் பொருள்

குறிப்பானின் பயன் இடத்துக்கிடம் மாறும் என்பதற்கு டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ‘டெனிஸ்’ ஆய்வு சான்றாகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளில் 14.3 விழுக்காட்டினருக்குச் செப்சிஸ் எனக் கண்டறியப்பட்டது. கல்ச்சரில் கிருமி வளர்ந்தோர் 6.2 விழுக்காட்டினர். செப்சிஸ் எனப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் கிருமி வளரவில்லை என்பதே இதன் பொருள். எனவே மேற்கூறிய அளவுகோல் சிக்கல் இங்கு ஓரத்தில் நிற்கும் சிக்கலாக இல்லாமல், நோயாளர் பட்டியலின் பெரும்பகுதியையே தொடுகிறது. வளர்ந்த கிருமிகளில் அசினெட்டோபாக்டர் முதலிடத்திலும், கிளெப்சியெல்லா, எஸ்செரிச்சியா கோலை ஆகியவை அடுத்தும் இருந்தன. அசினெட்டோபாக்டரில் பத்துக்கு எட்டுக்கு மேல் பல மருந்துகளுக்கு அடங்காதவை. கல்ச்சரில் கிருமி உறுதியான குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர்.

இத்தகைய சூழலில் மருந்தைத் தொடங்கத் தயங்குவது ஆபத்து. தேவையின்றித் தொடர்வது மருந்தெதிர்ப்பைப் பெருக்கும் ஆபத்து. நோய் வாய்ப்பு மிகுந்த இடத்தில் குறிப்பானின் தாழ்ந்த அளவு தரும் உறுதியும் குறைகிறது. ஐரோப்பிய மருத்துவமனைகளில் வகுத்த வெட்டுப்புள்ளியும் நிறுத்தல் விதியும் இங்கு அப்படியே செல்லுமா என்பது இங்கேயே ஆராயப்பட வேண்டிய வினா. மேலும், இரத்த வளர்ப்புச் சோதனைக்குரிய ஆய்வகம் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் ஒரே தரத்தில் கிடைப்பதில்லை. அத்தகைய இடத்தில் சி-ரியாக்டிவ் புரதம் கல்ச்சருக்குத் துணையாக நில்லாமல் அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும். கிருமி எது, எம்மருந்துக்கு அடங்கும் என்னும் தகவல் இல்லாமற்போவது இதன் உடனடி இழப்பு. புதிய குறிப்பானுக்குச் செலவிடும் முன், முறையாக எடுக்கப்பட்ட 1 மில்லிலிட்டர் குருதியையும் அதனை வளர்க்கும் வசதியையும் உறுதிசெய்வது முன்னுரிமை பெறத்தக்கது.

முடிவுரை

குறைமாதக் குழந்தைகளின் செப்சிஸ் குறித்த குறிப்பான் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் முறை ஒன்றுண்டு. புதிய பொருள் ஒன்று முன்மொழியப்படுகிறது; சிறிய ஆய்வுகள் உயர்ந்த எண்களைத் தருகின்றன; தொகுப்பாய்வு அவற்றை உறுதிப்படுத்துகிறது; கட்டுப்பாடு மிகுந்த ஆய்வில் எண்கள் தாழ்கின்றன; அடுத்த பொருள் முன்மொழியப்படுகிறது. அளவுகோல் திருந்தாதவரை அடுத்த குறிப்பானும் இவ்வழியே செல்லும்.

இதிலிருந்து மூன்று தேவைகள் பெறப்படுகின்றன. முதலாவது, குறைமாதக் குழந்தைகளையே மையமாகக் கொண்ட, குறிப்பானின் அளவைத் தன்னுள் அடக்காத ஒருமித்த வரையறை. இரண்டாவது, அறிகுறியுற்ற, ஆனால் தொற்றில்லாத குழந்தைகளை ஒப்பீட்டுக் குழுவாகக் கொண்டு, வெட்டுப்புள்ளியைக் கருக்கால வாரத்துக்கும் பிறந்த மணிக்கும் ஏற்ப முன்னரே அறிவித்துச் செய்யப்படும் ஆய்வுகள். மூன்றாவது, 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளிடமும் மருந்தை நிறுத்தும் முடிவில் குறிப்பானின் பயனைச் சோதிக்கும் சமவாய்ப்பு முறைச் சோதனைகள்.

நோயெதிர்ப்புக் குறிப்பான் உடலின் எதிர்வினையைக் காட்டும் சுவடு. அதனைக் கிருமியின் இருப்புக்குச் சான்றாகக் கொண்டது தொடக்கத்திலேயே நேர்ந்த பொருள் மயக்கம். அம்மயக்கம் நீங்கினால், மருந்து தொடங்கிய இரண்டாம் நாளில், தேவையற்ற மூன்றாம் நாளைத் தவிர்க்க மருத்துவருக்குத் துணிவு தரும் சான்றாக அது நிற்கும். குறைமாதக் குழந்தைக்கு அந்த ஒரு நாளும் சிறிதன்று.